தேடற்சொல் எண்ணிக்கையும் கெடா வட்டாரத் தமிழ்ப் புனைகதையும்: ஒரு திறனாய்வு

முன்னுரை

மலேசியத் தமிழ் எழுத்தை எண்ணிப் பார்க்கும் முயற்சி இந்நாட்டுக் கல்வியுலகிற்குப் புதியதன்று. கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடைபெற்ற 1966ஆம் ஆண்டிலேயே தனிநாயக அடிகளார் தமிழியல் நூல்களுக்கான வழிகாட்டி ஒன்றைத் தொகுத்தளித்தார். அடுத்து 1969இல் இராம. சுப்பையா, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அச்சேறிய தமிழ் நூல்களையும் இதழ்களையும் 'தமிழ் மலேசியானா' என்னும் பட்டியலாக வெளியிட்டார். இவ்விரு பணிகளும் அச்சாகியது எது என்பதை எண்ணியவை. வாசகன் எதைத் தேடினான் என்பதை அறியும் வழி அக்காலத்தில் நூலகரின் இரவல் பதிவேட்டைத் தவிர வேறில்லை.

இன்று அந்நிலை மாறியுள்ளது. ஒரு சொல்லை மாதந்தோறும் எத்தனை பேர் இணையத்தில் தேடுகின்றனர் என்பதைக் காசு செலவின்றி அறிந்துகொள்ளலாம் என்னும் நம்பிக்கை வணிக உலகிலிருந்து கல்வித்துறைக்குள்ளும் நுழைந்துள்ளது. மாணவர் ஆய்வேடுகளில் ஓர் எழுத்தாளரின் செல்வாக்கையோ ஒரு சொல்லின் வழக்கையோ நிறுவுவதற்குத் தேடல் எண்ணிக்கை சான்றாகக் காட்டப்படுகிறது. இச்சான்று எந்த அளவிற்கு ஏற்புடையது என்பதைக் கெடா மாநிலத்துத் தோட்டங்களையும் சிறுநகரங்களையும் களமாகக் கொண்ட தமிழ்ப் புனைகதைகளை முன்னிறுத்தி இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

இவ்வாராய்ச்சிக்கு ஒரு சிறு நிகழ்ச்சியே தூண்டுதலாக அமைந்தது. கெடா வட்டாரக் கதைகளுக்கும் நாவல்களுக்கும் கணினிவழிச் சொல்லடைவு ஒன்று அமைக்கும் பணியில் இக்கட்டுரையாளர் சில காலம் உடனிருக்க நேர்ந்தது. தலைச்சொற்களைத் தேர்ந்தெடுப்பதற்காகக் கூடிய அமர்வில், "யாரும் தேடாத சொல்லுக்கு அடைவில் இடம் எதற்கு?" என்று ஒருவர் வினவினார். அவர் கையிலிருந்த பட்டியலில் 'பெரட்டு' என்பதற்கு நேரே எண்ணே இல்லை. 'ஆயாக்கொட்டகை'க்கும் இல்லை. விடியுமுன் தோட்டத்து மக்கள் வரிசையில் நின்று பெயர் கொடுத்த களத்தைக் குறிக்கும் சொல்லும், அவர்கள் வேலைக்காட்டிற்குச் சென்ற பின் அவர்தம் குழந்தைகள் கிடந்த இடத்தைக் குறிக்கும் சொல்லும் இவ்வாறு முதற்சுற்றிலேயே அடிபட்டன. அன்று அவ்வினாவிற்குத் தக்க விடை சொல்ல இக்கட்டுரையாளரால் இயலவில்லை.

எண்ணப்படுவது எது?

முதலில் ஒரு குழப்பத்தைக் களைதல் வேண்டும். தேடுபொறியில் ஒரு சொல்லை இட்டவுடன் 'ஏறத்தாழ இத்தனை ஆயிரம் முடிவுகள்' என்று தோன்றிவந்த எண்ணைப் பல ஆய்வேடுகள் தேடல் எண்ணிக்கையாகவே கொண்டுவிட்டன. அது அச்சொல் இடம்பெறும் பக்கங்களைப் பற்றிய தோராயக் கணிப்பு. தேடியவர் தொகைக்கும் அதற்கும் நேர்த்தொடர்பு கிடையாது. அந்தக் கணிப்புங்கூட உறுதியானதன்று. முடிவுகளின் கடைசிப் பக்கம் வரை சென்று பார்த்தவர், ஆயிரக்கணக்கில் காட்டப்பட்டவை சில நூறாகச் சுருங்குவதைக் கண்டிருப்பர். ஓராண்டில் எத்தனை நூல் அச்சாயிற்று என்பதைக் கொண்டு எத்தனை பேர் படித்தனர் என்று முடிவு செய்வதை ஒத்த பிழை இது.

உண்மையான தேடல் எண்ணிக்கைக்கு அருகில் வருவது கூகுள் நிறுவனம் விளம்பரம் செய்வோருக்காக வைத்திருக்கும் 'கீவேர்டு பிளானர்' என்னும் கருவியாகும். 2013ஆம் ஆண்டு முதல் இப்பெயரில் வழங்கும் இக்கருவியைப் பயன்படுத்தக் கட்டணம் இல்லை, விளம்பரக் கணக்கு ஒன்று இருந்தால் போதும். எனினும் 2016 முதல், விளம்பரத்திற்குப் பணம் செலவிடாதவர்க்கு அது தெளிவான எண்ணைத் தருவதில்லை. பத்து முதல் நூறு, நூறு முதல் ஆயிரம், ஆயிரம் முதல் பத்தாயிரம் என்னும் அகன்ற வரம்புகளையே தருகிறது. ஒரே வரம்பிற்குள் அடங்கும் இரு சொற்களுள் ஒன்று மற்றதைப்போல் ஒன்பது மடங்கு தேடப்பட்டிருக்கலாம், ஆயின் கருவி இரண்டையும் ஒன்றாகவே காட்டும். நெருங்கிய வடிவங்களை ஒரே எண்ணுக்குள் சேர்த்துவிடுவதும், பன்னிரண்டு மாதச் சராசரியைத் தருவதும் அதன் இயல்புகள். இலவசமாக எண்களைத் தருவதாகக் கூறும் பிற நிறுவனங்களின் கருவிகளுள் பல இதே மூலத்தைக் கொண்டு தம் கணிப்பை அமைப்பவை. மூலம் மங்கலாயின் நகல் தெளிவாக இராது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மற்றொன்று 'கூகுள் டிரெண்ட்ஸ்'. 2006இல் அறிமுகமான இது 2004 முதலான தேடற்போக்கைக் காட்டுகிறது. மலேசியாவை மாநிலம் மாநிலமாகப் பிரித்துக் கெடாவைத் தனித்துக் காணவும் இதில் வழியுண்டு. ஆனால் இது தருவது எண்ணிக்கையே அன்று. குறிப்பிட்ட காலத்தில் மிகுதியாகத் தேடப்பட்ட தருணத்தை 100 எனக் கொண்டு ஏனையவற்றை அதற்கேற்பக் குறைத்துக் காட்டும் விகிதம் இது. எல்லாத் தேடல்களையும் கணக்கிடாமல் ஒரு மாதிரியை மட்டும் எடுத்துக் கணிப்பதால், சிறிய சொற்களுக்கு இன்று ஒரு வரைகோடும் நாளை வேறொரு வரைகோடும் கிடைப்பதுண்டு. குறைந்த தேடலைச் சுழியமாகவே காட்டிவிடும். 'யாரும் தேடவில்லை' என்பதும் 'எம் மாதிரியில் அகப்படவில்லை' என்பதும் அங்கு ஒரே உருவில் தோன்றுகின்றன.

கடாரமும் திரைப்படமும்

கெடாவைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்களையே எடுத்துக்கொள்வோம். பட்டினப்பாலை கூறும் காழகம் இந்நிலப்பகுதியே என்று கொள்ளும் அறிஞர் உண்டு. சோழர் காலக் கல்வெட்டும் செப்பேடும் கடாரம் என்கின்றன. 1025ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த இராசேந்திர சோழனின் கடற்படையெடுப்பு அவனுக்குக் கடாரங்கொண்டான் என்னும் விருதுப்பெயரை ஈட்டித் தந்தது. இக்கால நாளேடுகளும் பள்ளிப் பாடநூல்களும் கெடா என எழுதுகின்றன. மலேசியத் தமிழரின் மேடைப்பேச்சில் கடாரம் என்னும் சொல்லுக்குத் தனியொரு மிடுக்கும் உண்டு.

இவற்றுள் எதனை மக்கள் மிகுதியாகத் தேடுகின்றனர் என்று கருவியை வினவினால் என்ன நேரும்? 2019 சூலைத் திங்களில் விக்ரம் நடித்த 'கடாரம் கொண்டான்' என்னும் திரைப்படம் வெளிவந்தது. கோலாலம்பூரைக் களமாகக் கொண்ட அப்படத்திற்கும் பூசாங் பள்ளத்தாக்கிற்கும் பெயரளவிலன்றித் தொடர்பில்லை. அத்திங்களின் எண்ணிக்கையைச் சேர்த்துக் கணித்தால் தமிழர் அனைவரும் சோழர் வரலாற்றில் திடீரென ஆர்வம் கொண்டனர் என்றொரு முடிவு பிறக்கும். நீக்கிக் கணித்தாலோ, எதை நீக்குவது என்னும் ஆய்வாளரின் விருப்பு வெறுப்பு எண்ணுக்குள் புகுந்துவிடும். தமிழ்நாட்டில் அப்பெயர் தாங்கிய ஊர்களும் உள்ளன. இதற்கு மாறாக, சுங்கை பத்து தோட்டப் பகுதியில் இருந்த பதினோராம் எண் சண்டி 2013இல் நில மேம்பாட்டுப் பணியின்போது இடிக்கப்பட்ட செய்தி இந்நாட்டைக் கலக்கிய ஒன்று. அச்செய்தியைத் தேடியவர் 'சண்டி' என்றும் 'கோயில்' என்றும் 'ஆலயம்' என்றும், தமிழில் பாதியும் மலாயிலும் ஆங்கிலத்திலும் மீதியுமாகத் தேடியிருப்பர். அக்கவலை எந்தவொரு சொல்லின் எண்ணிலும் முழுதாகப் பதிவாகியிராது.

ஊர்ப்பெயர்களின் நிலை இதனினும் சிக்கலானது. சுங்கை பட்டாணி என்றும், ஒற்று மிகுத்துச் சுங்கைப்பட்டாணி என்றும், மலாய் ஒலிப்பிற்கு நெருக்கமாகச் சுங்கை பெட்டானி என்றும் ஒரே நகரம் எழுதப்படுகிறது. பெயரைப் பிரித்து எண்ணும் கருவிக்குப் 'பட்டாணி' சமையற் குறிப்பாகவும் தோன்றக்கூடும். கெடாவின் தலைநகர் 2004இல் அலோர் ஸ்டார் எனப் பெயர் மாறி 2009இல் மீண்டும் அலோர் செத்தார் ஆயிற்று. நாளேடுகள் ஒருவாறு மாறின, மக்கள் பழைய பெயரை விடவில்லை. உரோமன் எழுத்தில் தேடினால் வேறு வகை இடர். லூனாஸ் என்னும் ஊர்ப்பெயர் மலாயிலும் இந்தோனேசியத்திலும் கடன் தீர்ந்ததைக் குறிக்கும் பொதுச்சொல். பீடோங் என்பதோ கைக்குழந்தையைச் சுற்றும் துணிக்கு வழங்கும் மலாய்ச் சொல்லோடு எழுத்தளவில் ஒன்றுகிறது. ஆகவே அவ்வூர்ப் பெயர்களுக்குக் கிடைக்கும் பெரிய எண்களுள் கடன்பட்டோரும் இளந்தாய்மாரும் எத்தனை பேர், அவ்வூர்களை நாடியோர் எத்தனை பேர் எனப் பிரித்தறிய வழியில்லை.

பீடோங்கை ஒட்டிய ஹார்வார்ட் தோட்டத்தை ஈண்டுச் சிறப்பாகக் குறிப்பிட வேண்டும். சப்பானியர் ஆட்சி முடிந்தபின் கெடாத் தோட்டங்களில் கள்ளுக்கடைகளை எதிர்த்தும் தொழிலாளர் தன்மானத்தை வலியுறுத்தியும் எழுந்த தொண்டர் படை இயக்கத்திற்கு இத்தோட்டம் ஒரு மையமாக விளங்கியது. ஏ. எம். சாமி அதன் தலைவராக அறியப்படுகிறார். 1947இல் பீடோங் வட்டாரத்தில் நிகழ்ந்த கள்ளுக்கடை மறியலும் அதன்மேல் காவல்துறை மேற்கொண்ட நடவடிக்கையும் மலாயாத் தொழிலாளர் வரலாற்றில் இடம்பெற்றவை. இவ்வரலாற்றை நாடும் ஒரு மாணவன் தமிழில் 'ஹார்வார்ட்' என இட்டால் அவனுக்குக் கிடைப்பது அமெரிக்கப் பல்கலைக்கழகம். அதிலும் 60 இலட்சம் அமெரிக்க டாலர் இலக்கை 2018இல் எட்டிய தமிழ் இருக்கை பற்றிய செய்திகளே முன்னிற்கும். 'தொண்டர் படை' என இட்டாலோ தமிழ்நாட்டு அரசியற் கட்சிகளின் அணிகள் வந்து நிற்கும். தமிழுக்கு இருக்கை அமைந்தது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் அதே பெயருடைய தோட்டத்தில் கள்ளுக்கடை வாசலில் நின்ற தமிழர் அவ்வெண்ணிக்கையின் அடியில் புதைந்து போகின்றனர் என்பதையும் மறத்தற்கில்லை.

தோட்டத்துச் சொற்கள்

கெடா எழுத்தாளர்களின் ஆற்றல் பெரிதும் வட்டாரச் சொல்லாட்சியில் தங்கியுள்ளது. 2017இல் விஷ்ணுபுரம் விருது பெற்ற சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' நாவலிலும் சிறுகதைகளிலும் தோட்டத்து மக்களின் பேச்சு உரையாடலைக் கடந்து கதைசொல்லியின் மொழிக்குள்ளும் ஊறியிருக்கிறது. கோ. புண்ணியவானின் நாவல்களும் இவ்வாழ்வை நெருங்கி நின்று கண்டவை. அவருடைய 'கையறு' சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட மக்களைப் பற்றியது. இவ்விருவரும் சுங்கை பட்டாணியில் வாழ்ந்து எழுதுபவர்கள். இவர்களைப் படிப்பவர்க்குக் கங்காணி, கிராணி, மண்டோர், பெரட்டு, லயம், பால்மரம், வெளிக்காடு முதலிய சொற்கள் வெறும் அணிகலன்களாகத் தோன்றா. தோட்டத்தின் அதிகார அடுக்கும் நாள்முறையும் அவற்றிலேதான் அடங்கியுள்ளன.

இச்சொற்களைக் கருவியில் இட்டுப் பார்க்கையில் இருவகைத் தவறு நேர்கிறது. ஒன்று, எண் மிகுந்து ஏமாற்றுவது. 'தோட்டம்' என்னும் சொல் கெடாவில் ஆயிரக்கணக்கான ஏக்கர் பால்மரத்தையும் செம்பனையையும், அவற்றோடு லயங்களையும் கோயிலையும் தமிழ்ப்பள்ளியையும் சேர்த்துக் குறிக்கும். தமிழ்நாட்டில் அது வீட்டுப் புறத்திலோ மாடியிலோ அமைவது. தமிழில் தேடுவோருள் மிகப் பெரும்பாலோர் தமிழ்நாட்டினர் ஆதலின், அச்சொல்லின் எண் தக்காளிச் செடிக்கு உரியதாகவே அமையும். 'லயம்' என்பது இசையின் லயத்தோடு கலந்துவிடுகிறது. இக்கலப்பை நீக்க இடத்தை மலேசியா என்றோ கெடா என்றோ குறுக்கலாம். குறுக்கியவுடன் இரண்டாவது தவறு தோன்றுகிறது. எண் மறைந்துபோகிறது.

ஏன் மறைகிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கெடாவில் ஏறத்தாழ 21 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். அவர்களுள் இந்தியர் நூற்றுக்கு ஆறேழு பேர். தமிழ்ப் புனைகதையைத் தேடிப் படிப்போர் அவர்களுள் 200 பேர் என்றும், ஒருவர் ஆண்டுக்கு இருமுறை ஒரு நாவலின் பெயரைத் தேடுகிறார் என்றும் கொள்வோம். ஆண்டுக்கு 400, திங்களுக்கு 33. இவர்கள் எல்லாரும் ஒரே எழுத்துக்கூட்டலைக் கையாள்வதில்லை. தமிழில் மூன்று வடிவம், உரோமன் எழுத்தில் மூன்று, ஆசிரியர் பெயரோடு சேர்த்து இரண்டு என எட்டாகப் பிரிந்தால் ஒவ்வொன்றுக்கும் திங்களுக்கு நான்கு தேடல். பத்திற்குக் கீழ்ப்பட்ட இதனைக் கருவி பொருட்படுத்தாது. வாசகர் ஆயிரம் பேராக உயர்ந்தாலும் ஒவ்வொரு வடிவத்திற்கும் இருபதளவே தேறும். அது 'பத்து முதல் நூறு' என்னும் அடித்தட்டிலேயே நின்றுவிடும். இருநூறு பேர் ஒரு நாவலைத் தேடுவது சிறுபான்மை மொழியொன்றின் இலக்கியத்திற்குச் சிறிய செய்தி அன்று. விளம்பரக்காரனுக்கு மட்டுமே அது ஒன்றுமில்லாதது. கருவியின் அடிவரம்பு விற்பனையைக் கருதி வகுக்கப்பட்டது, அதை இலக்கிய மதிப்பீட்டின் அடிவரம்பாகக் கொள்வதற்கு எக்காரணமும் இல்லை.

இங்குத் தமிழின் இயல்பையும் கருதுதல் வேண்டும். வேற்றுமை உருபும் சாரியையும் ஏற்றுச் சொல் வடிவம் மாறும் மொழி நம்முடையது. தோட்டத்தில், தோட்டத்து, தோட்டப்புற என்பவை அனைத்தும் ஒன்றன் திரிபே என்பதை ஒரு பள்ளிச் சிறுவன் அறிவான். கருவி எல்லா வேளையும் அறியும் எனக் கூறுவதற்கில்லை. கூகுளின் விளம்பரச் சேவை தமிழை ஏற்றதே 2018இல்தான். அதற்கு முந்திய ஆண்டுகளின் தமிழ்ச்சொல் எண்களை இந்தி, ஆங்கிலச் சொற்களின் எண்களோடு ஒப்பிட்டு முடிவு சொல்வோர் இதனை நினைவிற் கொள்வது நன்று. மேலும், ஒருங்குறி பரவும் முன்னர் வெவ்வேறு எழுத்துருக் குறியீடுகளில் ஏற்றப்பட்ட மலேசியத் தமிழ்ப் படைப்புகள் பல இன்றும் தேடலில் அகப்படுவதில்லை. முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்களால் கணினித் தமிழில் முன்நின்ற நாட்டிலேயே இவ்விழப்பு நேர்ந்துள்ளது.

தடையும் தேடலும்: பேய்ச்சி

எண்ணிக்கை உயர்ந்தால் மட்டும் பொருள் தெளிவாகிவிடுமா? ம. நவீனின் 'பேய்ச்சி' இவ்வினாவிற்கு நல்ல சோதனைக் களம். லூனாஸ் வட்டாரத்தைக் களமாகக் கொண்ட இந்நாவல் 2019இல் வெளிவந்தது. 1981இல் லூனாசில் நச்சுச் சாராயம் அருந்தி மக்கள் மாண்ட துயரம் அதன் கதைப்போக்கில் இடம்பெறுகிறது. மலேசிய உள்துறை அமைச்சு 2020 திசம்பரில், ஆபாசமும் ஒழுக்கக்கேடும் உடையது எனக் காரணம் காட்டி அச்சகங்கள் மற்றும் வெளியீடுகள் சட்டத்தின்கீழ் இந்நாவலைத் தடை செய்தது. தடைச் செய்தி பரவிய நாள்களில் பெயரைத் தேடியவர் பெருகியிருப்பர் என எதிர்பார்ப்பது இயல்பே. ஆனால் தேடியவர் நாவலையா தேடினர், செய்தியையா? படித்துவிட்டுத் தேடினரா, படிக்காமலேயே கண்டிக்கத் தேடினரா? எண் இவற்றைப் பிரிப்பதில்லை.

பெயரும் ஒத்துழைப்பதாக இல்லை. பேய்ச்சி, பேச்சி என்னும் இரு வடிவங்களுள் பின்னது தென்தமிழகத்துச் சிறுதெய்வ வழிபாட்டிற்கு உரியது. 2024இல் அப்பெயரில் தமிழ்த் திரைப்படம் ஒன்றும் வந்துவிட்டது. உரோமன் எழுத்தில் எழுதப்படும் வடிவங்களுள் ஒன்று சீனப் பெண்களின் பெயரோடு ஒத்திருக்கிறது. ஆக, ஒருபுறம் அம்மன், ஒருபுறம் அச்சப்படம், மற்றொருபுறம் சீன நங்கையர். இவர்களுக்கு நடுவே லூனாசு நாவலைத் தேடிய வாசகனைக் கண்டுபிடிப்பது வைக்கோற்போரில் ஊசி தேடுவதாகும். இக்கட்டுரையாளர் கருத்தில், பேய்ச்சியின் இலக்கிய மதிப்பை அதன் தாய்த்தெய்வப் படிமத்தையும் கதைக்கூறுகளையும் கொண்டு வாதிட வேண்டுமேயன்றி, தடையால் உயர்ந்த எண்ணைக் கொண்டு உயர்த்துவதும் தடை தணிந்தபின் விழுந்த எண்ணைக் கொண்டு தாழ்த்துவதும் ஒருசேரத் தவறானவை. முன்னதை ஆதரவாளரும் பின்னதை எதிர்ப்பாளரும் செய்யக் கூடியவர்களே.

நம்பத்தக்க இலவச வழிகள்

இவ்வாறெல்லாம் கூறுவதால் எண்ணிக்கையே வேண்டா என்பது பொருளன்று. எண்ணை முற்றாக ஒதுக்கும் திறனாய்வாளர் தம் விருப்பத்தையே வாசகர் விருப்பமாக எழுதிவிடும் இடர் உண்டு. இந்நாட்டுத் திறனாய்வில் 'பரவலாகப் பேசப்பட்ட நாவல்' என்னும் தொடர் எவ்வளவு எளிதாக எழுதப்படுகிறது என்பதை நோக்கினால் இது விளங்கும். யார் பேசினர், எங்குப் பேசினர் என்பதை அத்தொடர் எப்போதும் சொல்வதில்லை.

காசின்றிக் கிடைப்பவற்றுள் தோராயம் கலவாத எண் ஒன்று உண்டு. அது விக்கிப்பீடியா வெளியிடும் பக்கப் பார்வைக் கணக்கு. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் ஒவ்வொரு கட்டுரையும் எந்நாளில் எத்தனை முறை திறக்கப்பட்டது என்பதை, 2015 சூலை முதல், தானியங்கிகளை நீக்கிய எண்ணாக யாரும் காணலாம். இதில் ஆய்வாளர் பலர் கவனியாத வசதி ஒன்று உள்ளது. ஒரே கட்டுரைக்கு வெவ்வேறு எழுத்துக்கூட்டல்களில் வழிமாற்றுத் தலைப்புகள் அமைந்திருந்தால், ஒவ்வொரு வழிமாற்றின் வழியாக வந்தோரும் தனித்தனியே எண்ணப்படுகின்றனர். சுங்கை பட்டாணி என ஒற்றின்றி எழுதி வந்தவர் எத்தனை, ஒற்றோடு எழுதி வந்தவர் எத்தனை என்பதை இதன்வழி ஓரளவு அறியலாம். பொதுத் தேடுபொறி வழியாக வருவோர் நேரே முதன்மைத் தலைப்பிற்கே வந்து சேர்வதால் இது முழு விடையன்று. வாசகர் கெடாவிலிருந்து வந்தாரா கோயம்புத்தூரிலிருந்து வந்தாரா என்பதும் இக்கணக்கில் தெரியாது.

இரண்டாவது வழி 'சர்ச் கன்சோல்'. தமக்கென ஓர் இணையத்தளம் உடையோர் எவரும் இதனைக் கட்டணமின்றிப் பெறலாம். தம் பக்கம் தேடல் முடிவுகளில் எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை முறை சொடுக்கப்பட்டது என்பதைக் கடந்த 16 திங்கள் வரை இது எண்ணாகவே தருகிறது. ஒரு சொல்லுக்குரிய முடிவுகளில் நம் பக்கம் எப்போதும் முதலிடத்திலேயே நிற்குமாயின், அது காட்டப்பட்ட முறைகளின் எண்ணிக்கை அச்சொல் தேடப்பட்ட எண்ணிக்கைக்கு மிக நெருங்கி வரும். வெகு சிலரே இட்ட தேடற்சொற்களைத் தனியுரிமை கருதி இக்கருவி பட்டியலில் மறைத்துவிடும் என்பது உண்மைதான். எனினும் பக்கத்தின் மொத்தக் கணக்கில் அவையும் சேர்ந்தே நிற்கின்றன. ஆதலின் ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம் என அமைத்தால் மறைப்பினால் வரும் இழப்பு பெரிதும் குறையும்.

அமர்வில் எழுந்த வினாவிற்கான விடை இங்கேதான் தென்படுகிறது. 'தோட்டம்' என்னும் சொல்லுக்கு நம் அடைவுப் பக்கம் முதலிடம் பெறுவது நடவாத காரியம். மாடித்தோட்டத்தினர் விடமாட்டார்கள். ஆனால் 'பெரட்டு' என்பதற்கும் 'ஆயாக்கொட்டகை' என்பதற்கும் போட்டி ஏதுமில்லை. பக்கம் ஒன்று அமைந்தால் அதுவே முதலிடத்தில் நிற்கும், நின்றவுடன் அச்சொல்லைத் தேடுவோர் தொகை ஐயமின்றித் தெரியவரும். வேறுவகையாகக் கூறின், எண் இல்லை என்று விலக்கப்பட்ட சொற்களே, இடம் கொடுத்தால், மிகச் செம்மையாக எண்ணத்தக்கவை. பக்கம் இல்லாததால் எண் இல்லை, எண் இல்லாததால் பக்கம் இல்லை என்று சுழலும் வாதத்தில் அமர்வினர் சிக்கியிருந்தோம். பாட்டியின் வாயிலிருந்து 'பெரட்டு' என்னும் சொல்லைக் கேட்ட ஒரு கூலிம் மாணவி அதனைத் தேடி ஒன்றும் கிடைக்காமல் ஒருமுறை திரும்பினால் மறுமுறை தேடமாட்டாள். கருவியும் அவள் வந்து சென்றதை நமக்குச் சொல்லாது.

'டிரெண்ட்ஸ்' விகிதத்தை எண்ணாக மாற்றும் முயற்சிக்கும் இவ்வழி துணைபுரியும். அளவு தெரிந்த ஒரு சொல்லை அளவு தெரியாத சொல்லோடு ஒரே வரைகோட்டில் ஒப்பிட்டால், விகிதத்தைப் பெருக்கி இரண்டாவதன் எண்ணிக்கையை ஏறத்தாழக் கணிக்கலாம். இரண்டும் ஒத்த அளவினவாய் இருத்தல் வேண்டும், பல நாள் எடுத்துச் சராசரி காண்பதும் தேவை. திரைப்படப் பெயரோடு ஒப்பிட்டால் நாவல் தரையோடு தரையாகத்தான் கிடக்கும்.

அடைவின் தலைச்சொற்கள்

இவ்வளவும் கருதிய பின், அடைவுப் பணியில் எண்ணிக்கைக்குரிய இடம் எது என்னும் கேள்வி எஞ்சுகிறது. எவற்றைச் சேர்ப்பது என்பதைப் புனைகதைப் பனுவலே முடிவு செய்தல் வேண்டும். சீ. முத்துசாமியின் ஒரு கதையில் ஒருமுறையே வரும் சொல்லாயினும், தோட்ட வாழ்வின் ஒரு கூற்றை அதுவே தாங்கி நிற்குமாயின் அதற்குத் தலைச்சொல் உரிமை உண்டு. எண்ணிக்கை பயன்படுவது வாசலை எங்கு அமைப்பது என்னும் அடுத்த நிலையில்தான். மக்கள் எஸ்டேட் எனத் தேடினால் அங்கிருந்து தோட்டத்திற்கும், ரப்பர் எனத் தேடினால் பால்மரத்திற்கும், அலோர் ஸ்டார் எனத் தேடினால் அலோர் செத்தாருக்கும் வழிகாட்ட வேண்டும். கடாரம் என வருவோருக்குக் கெடாவும், கெடா என வருவோருக்குக் கடாரமும் எதிரெதிரே காட்டப்படலாம். ஹார்வார்ட் என்னும் தலைச்சொல்லோடு 'தோட்டம், பீடோங்' என்னும் அடையைச் சேர்த்தே பதிய வேண்டும். உரோமன் வடிவங்களையும் வழிமாற்றாக ஏற்பதில் தமிழ்ப்பற்றுக் கருதித் தயங்க வேண்டியதில்லை. நம் பிள்ளைகளின் கைப்பேசியில் விரல் முதலில் செல்வது அவ்வெழுத்துக்கே.

அடுத்த அமர்வில் இக்கருத்துகள் முன்வைக்கப்பட்டன. இணக்கம் முழுதாக ஏற்படவில்லை. பணமும் ஆளும் குறைவாக உள்ள நிலையில் எண் மிகுந்த சொற்களுக்கே முதற்பணி என்னும் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. இறுதியில், விலக்கப்பட்டவற்றுள் நாற்பது சொற்களுக்கு மட்டும் தனிப்பக்கம் அமைத்து 16 திங்கள் கழித்துக் கணக்குப் பார்ப்பது என முடிவாயிற்று. பெரட்டு அந்நாற்பதில் முதலாவதாக இடம்பெற்றுள்ளது. ஆயாக்கொட்டகைக்கு மூன்று எழுத்துக்கூட்டல்கள் கிடைத்துள்ளன. நான்காவது ஒன்றை எழுதியனுப்பியவர் பாடாங் செராயில் அத்தகைய கொட்டகையிலேயே வளர்ந்த ஓர் அம்மையார்.